முப்பதாம் நாளுக்குப் பிறகு

மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் ஒரு சாப்பாட்டின் விலையைவிடக் குறைவான காசுக்குக் கிடைக்கிறது. அதைத் துணியிலோ பாலிதீன் பையிலோ பிதுக்கி முகர்ந்தால் சில நிமிடங்களில் பசி அடங்கும், குளிர் உறைக்காது, நேற்று வாங்கிய அடி வலிக்காது. ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் இரவைக் கழிக்கும் பிள்ளைகள் அதை நாடுவதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை. அந்தப் பசையில் இருக்கும் டொலுயீன் மூளையின் வெண்பகுதியைச் சிதைக்கிறது. சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, முகர்ந்த இடத்திலேயே உயிர் போகிறது. முதல் முறை முகர்பவருக்குக்கூட அது நேரலாம்.

போதையில் சிக்கிய இளைஞர்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் கல்லூரி விடுதிகளும் வார இறுதி விருந்துகளும்தான் அடிபடுகின்றன. இங்கே நான் பேச விரும்புவது வேறு பிள்ளைகளைப் பற்றி. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், மீசை அரும்பும் முன்பே பெயின்டரிடம் கையாளாகவும் சந்தையில் மூட்டை தூக்கவும் போனவர்கள், பெற்றோரை இழந்தவர்கள், பெற்றோர் இருந்தும் கவனிக்க ஆளில்லாதவர்கள், சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களுக்கு உதவச் சட்டம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: சிகிச்சை முடிந்து வருபவருக்கு ஒரு வீடும் ஒரு வேலையும் காத்திருக்கும் என்று எல்லாமே நம்பிக்கொண்டிருக்கின்றன. அவை இரண்டும் இல்லாதவருக்கோ, நம் உதவி முடிந்துவிடும் நாளில்தான் கடினமான பகுதி தொடங்குகிறது.

பிரச்சினையின் அளவைச் சொல்ல இரண்டு ஆய்வுகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு, ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த 4,024 பிள்ளைகளை நாடெங்கும் சந்தித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் புகையிலையும், 68 விழுக்காட்டினர் மதுவும், ஏறக்குறைய 35 விழுக்காட்டினர் பசை, தின்னர் போன்ற முகரும் பொருள்களும் பயன்படுத்தியிருந்தார்கள். புகையிலையும் முகர்தலும் சராசரியாகப் 12 வயதில் தொடங்கியிருந்தன. மது ஓராண்டு கழித்தே வந்தது. பசைக்கு அதிகக் காசு வேண்டாம், கடைக்காரர் வயது கேட்கமாட்டார் என்பதை நினைத்தால் இந்த வரிசை புரிந்துவிடும்.

2016 டிசம்பரில், குழந்தைகள் உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில், நாடு தழுவிய கணக்கெடுப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எய்ம்ஸ் மையமே நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2019-இல் வெளிவந்தது. எல்லாப் போதைப் பொருள்களிலும் பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிக விகிதத்தில் பயன்படுத்துவது ஒன்றுதான், அது முகரும் பொருள்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. சிகிச்சை பற்றிய எண்கள் இன்னும் கசப்பானவை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-இல் ஒருவர். மற்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20-இல் ஒருவர் சிகிச்சை பெற்றிருந்தார். இந்தக் கணக்கின் பெரும்பகுதி வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடைமேடையில் உறங்கும் பையனின் கதவை யாரும் தட்டியிருக்க முடியாது.

ஏன் இவர்கள்? வறுமை மட்டும் காரணம் என்றால் ஏழைகள் எல்லோரும் போதையில் இருந்திருக்க வேண்டும். அப்படியில்லை. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. குழந்தைப் பருவத்தில் அடி, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிநோயாளியோ சிறை சென்றவரோ இருத்தல் போன்ற அனுபவங்களில் நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு இருந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வர்க்கத்தினர். அவர்களுக்கே அப்படியென்றால், அடிபட்ட வீட்டிலிருந்து ஓடிவந்து இங்கே தெருவில் வேறு அடிகள் வாங்கும் பிள்ளைக்கு எப்படியிருக்கும்? அவனுக்குப் பசை மயக்கம் தரும் விளையாட்டுப் பொருளாக இருப்பதில்லை. அவனுக்குக் கிடைத்த ஒரே வலிமருந்து அது. இதை ஏற்காமல் அவனிடம் பேசத் தொடங்கும் எந்த ஆலோசகரும் முதல் நாளிலேயே அவனை இழந்துவிடுவார்.

வேலையும் ஒரு காரணம், இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பெயின்ட் வேலைக்குப் போகும் சிறுவன் நாள் முழுதும் தின்னரை மூச்சில் இழுக்கிறான். பாரம் தூக்கும் இடத்திலும் கழிவு அள்ளும் இடத்திலும் உடல்வலியையும் நாற்றத்தையும் தாங்க ஒரு கட்டிங் போட்டுவிட்டு இறங்குவது வேலையின் ஒரு பகுதியாகவே பழகிப்போயிருக்கிறது. மூத்தவர்கள் புதியவனுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது பல நேரம் கரிசனத்தோடுதான். பள்ளிக்கூடத்தின் பக்கம் கூல் லிப் வருகிறது. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் அந்தப் புகையிலைப் பொட்டலத்தை ஏன் நாடு முழுவதும் தடைசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கேட்டது. தமிழகத்தில் அதற்குத் தடை உண்டு. இருந்தும் மாணவர்களின் பையில் அது இருக்கிறது. பிடிபட்ட மாணவனுக்குப் பல பள்ளிகள் தரும் தண்டனை டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ். அதாவது, அவனைத் தினமும் பார்க்க வாய்ப்புள்ள கடைசிப் பெரியவரான ஆசிரியரிடமிருந்து அவனைப் பிரித்து, நேராகத் தெருவிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் தமிழக நகரங்களில் பரவியிருக்கிறது. மாத்திரையில் மருந்தோடு கலந்திருக்கும் மாவுப்பொருள்கள் இரத்தக்குழாயை அடைக்கின்றன, சீழ்க்கட்டிகள் வருகின்றன. ஒருவர் போட்ட ஊசியை மற்றவரும் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றுகின்றன.

சட்டத்துக்கு வருவோம். இளைஞர் நீதிச் சட்டம், 2015 மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட சட்டம். போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படக்கூடிய நிலையில் உள்ள பிள்ளையை அது குற்றவாளியாகப் பார்க்கவில்லை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 77-ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அவற்றை விற்கவோ கடத்தவோ பிள்ளையைப் பயன்படுத்துபவருக்கு 78-ஆம் பிரிவிலும் அதே அளவு. பதினெட்டு நிரம்பாதவர் கொடிய குற்றம் செய்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்தாலோ ஒழிய, முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கையைச் சேர்த்தால் போதும். ஆனால் 77-ஆம் பிரிவில் பசை இல்லை, தின்னர் இல்லை. வெள்ளை மை அழிப்பானைக் குப்பியில் சில்லறையாக விற்பதை 2012-இல் ஒன்றிய அரசு தடுத்தது. பஞ்சர் சொல்யூஷனை அப்படித் தடுக்க முடியாது. நாட்டின் ஏழைகளுக்கு மிதிவண்டி வேண்டும்.

பதினெட்டாவது பிறந்தநாளில் எல்லாம் மாறிவிடுகிறது. முந்தின நாள் வரை பாதுகாப்பு தேவைப்பட்ட அதே பையன், சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் குற்றவாளி. சிறிய அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை, புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை. இதே சட்டத்தின் 64-அ பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்டவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். காவல் நிலையத்தில் வழக்கறிஞர் துணையின்றி நிற்கும் பத்தொன்பது வயதுக்காரனுக்கு இப்படியொரு பிரிவு இருப்பதை யார் சொல்வார்கள்? சொன்னாலும், சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. போதை நோயில் பாதியில் விட்டுப் போவதும் திரும்பி வருவதும் நோயின் இயல்பு. அமெரிக்க உளவியலாளர் மெக்லெல்லனும் சகாக்களும் 2000-இல் எழுதிய கட்டுரை, சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவதைக் காட்டி, இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மறுபடி நோய் முற்றி வருவதோடு அதை ஒப்பிட்டது. மாத்திரையை விட்டுவிட்ட இரத்த அழுத்த நோயாளியை யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை.

வழக்கு ஒன்று பதிவாகிவிட்டால் அதன் பிறகு அந்த இளைஞனுக்குக் காவலர் வேலை இல்லை, பாஸ்போர்ட்டுக்கு இழுபறி, பாதுகாவலர் வேலைக்குக்கூடச் சான்று கேட்கிறார்கள். கஞ்சா அவனைக் கெடுத்ததைவிட அந்த வழக்கு அதிக காலம் அவனைத் தொடர்கிறது. விற்பவரைத் தண்டிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. குடித்தவனையும் புகைத்தவனையும் அதே கணக்கில் சேர்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, பொருளுக்குப் பொருள் நிலைமை வேறு. மதுவை விடும்போது வரும் நடுக்கத்துக்கும் பிதற்றலுக்கும் மருந்து உண்டு. மேற்பார்வை இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஹெராயின், அபின் வகை மாத்திரைகளுக்குப் புப்ரெனார்ஃபினும் மெத்தடோனும் நன்கு நிரூபிக்கப்பட்ட மாற்று மருந்துகள். கஞ்சாவுக்கும் பசைக்கும் அப்படி மருந்து கிடையாது. பேச்சும் துணையும்தான் சிகிச்சை. அதிலும் உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் விவரித்த முறை இளையோரிடம் நன்கு பொருந்துகிறது: அறிவுரை சொல்லாமல், அவர்களுக்குள்ளேயே இருக்கும் விட வேண்டும் என்ற விருப்பத்தைக் கேள்விகள் மூலம் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது. அறிவுரையைப் பிள்ளைகள் வேண்டிய அளவு கேட்டுவிட்டார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதை சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. சிறுவரைச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், உடன் ஒருவர் தங்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நடப்பில் பிள்ளைகளுக்கென்று தனியிடம் உள்ள மையங்கள் மிகக் குறைவு. பதினாறு வயதுப் பையனை நாற்பது வயதுக் குடிநோயாளிகளோடு ஒரே கூடத்தில் படுக்க வைத்தால் அவன் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொண்டு வெளியே வரக்கூடும். பதிவில்லாமல் நடக்கும் தனியார் மையங்கள் இதைவிட மோசம். நள்ளிரவில் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவது, அடிப்பது, அடியில் உயிர் போவது என்று தமிழகத்தில் வழக்குகளே பதிவாகியிருக்கின்றன. கடன் வாங்கிப் பணம் கட்டிய தாய்க்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்கவும் துணிவு வராது. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டிருப்பதை நான் இந்தக் காரணத்தாலேயே மனமார வரவேற்கிறேன். கட்டணமில்லாத, கணக்குக் கேட்கக்கூடிய இடம் முதலில் வேண்டும்.

ஏழைகளிடம் சிகிச்சையைக் கொண்டுபோவது எப்படி என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. சென்னையில் 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடி கிராமத்தில் ஒரு சிகிச்சை முகாமை நடத்தினார். நகரத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கக் கூலித்தொழிலாளியால் முடியாது, எனவே மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்குப் போனார்கள். இடத்தையும் மற்ற ஏற்பாடுகளையும் உள்ளூர் அமைப்பு பார்த்துக்கொண்டது. மனைவியரும் சிகிச்சையில் சேர்க்கப்பட்டார்கள். பதினைந்து நாள் முகாம் முடிந்த பிறகும் ஊரிலேயே தொடர்ந்து பார்த்துவந்தார்கள். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்தக் கடைசிப் பகுதி என்று நினைக்கிறேன். குடியை விட்டவன் மறுநாள் காலை எங்கே நிற்பானோ, யார் கண்ணில் படுவானோ, அந்த இடத்தில் அவனுக்கு ஆள் இருந்தது. முகாமுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். தெருப் பிள்ளைகளுக்கும் புறநகர்க் குடியிருப்புகளின் இளைஞர்களுக்கும் இதே முறையை மாற்றியமைக்க முடியும்.

ஆலோசகர்கள் போதாது என்ற மறுப்பு உடனே எழும். அதற்கும் பதில் உண்டு. கோவாவில் சங்கத் அமைப்பு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு தரும் அளவுக்குக் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேச வைத்தது. 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த நிலையிலிருந்து மீண்டவர்கள் 36 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காடு. வித்தியாசம் அற்புதம் இல்லை, ஆனால் அதை ஊர் ஊராகப் பரப்ப முடியும். இங்கே பழக்கத்தை விட்டு நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரர்களை ஊதியத்துடன் இந்த வேலையில் சேர்த்தால் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் உதவியாகும். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏழை இளைஞரிடம் தொண்டாக வேலை வாங்கும் பழக்கம் நம் சமூகப் பணியில் அதிகம்.

இனி முப்பதாம் நாள். பெரும்பாலான மையங்கள் ஒரு மாத அளவில் அனுப்பிவிடுகின்றன. உடல் தேறியிருக்கும், முகம் தெளிந்திருக்கும். ஓர் இளைஞன் பேருந்து ஏறி அதே தெருவில் இறங்குகிறான். அதே நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள், வேறு நண்பர்கள் கிடையாது. வீட்டில் ஒரே அறையில் குடிக்கும் தகப்பன். வேலைக்குப் போனால் மாலையில் கையில் ரொக்கக் கூலி, பல இடங்களில் கூலியோடு ஒரு குவார்ட்டரும். மையத்தில் கற்ற மூச்சுப் பயிற்சி இந்த மாலை ஆறு மணியை வெல்லாது. கூலியை வாரம் ஒருமுறை வங்கிக் கணக்கில் தரும் ஒரு மேஸ்திரி, இரவு தங்க ஓர் இடம், சறுக்கினால் திட்டாமல் அழைத்துக்கொண்டு போகும் ஒரு மனிதர் ஆகியவை இருந்தால் வெல்ல வாய்ப்பு உண்டு. இடைக்காலத் தங்குமிடங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. போதையிலிருந்து மீளும் ஏழை இளைஞனுக்கு அப்படியொரு தங்குமிடத்தைத் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்காது. திறன் பயிற்சித் திட்டங்களுக்கோ பல நேரம் பத்தாம் வகுப்புச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். கண்ணகி நகர் என்ற முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

தடுப்புப் பணியில் நாம் அதிகம் செய்வது பேரணி, உறுதிமொழி, சிதைந்த வாயின் படம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி அமெரிக்கப் பள்ளிகள் முழுதும் பரவிய ‘டேர்’ திட்டத்தில் காவலர்கள் வகுப்பெடுத்தார்கள். பின்னர் வந்த மதிப்பீடுகள் அதனால் நீடித்த பயன் இல்லை என்றே காட்டின. தகவலும் பயமுறுத்தலும் மட்டும் போதாது என்பதை ஐ.நா.வின் தடுப்புத் தரநெறிகளும் சொல்கின்றன. ஐஸ்லாந்து வேறு வழியில் போனது. அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்தவர்கள் 1998-இல் 42 விழுக்காடு, 2016-இல் 5 விழுக்காடு. மாலை நேரத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், அதற்கான கட்டணத்தில் குடும்பங்களுக்கு உள்ளாட்சி பங்கு கொடுத்தது, பிள்ளைகள் இரவில் வெளியே இருப்பதற்குச் சட்டம் நேரக் கட்டுப்பாடு வகுத்தது, பெற்றோர்கள் கூடிப் பொறுப்பேற்றார்கள். நாலு லட்சம் பேர்கூட இல்லாத வளமான நாட்டின் அனுபவத்தை அப்படியே இங்கே இறக்க முடியாதுதான். ஆனால் 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அந்தக் குடியிருப்புகளில் திறமைக்குப் பஞ்சமில்லை. விளக்குள்ள மைதானத்துக்கும் மாதச் சம்பளம் பெறும் பயிற்சியாளருக்கும்தான் பஞ்சம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதக் கிடைப்பது குறைவு என்பதே ஒரு செய்தி. தெருவில் பழக்கத்துக்கு ஆளான சிறுமி பாலியல் சுரண்டலுக்கும் ஆளாகிறாள். அவள் வந்தால் தங்கவைக்கப் பெண்களுக்கான மையங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன. அவமானத்துக்குப் பயந்து வீட்டாரும் அழைத்து வருவதில்லை. ஆண்களுக்கான மையத்தில் ஓர் அறையை ஒதுக்குவது இதற்குத் தீர்வாகாது.

உதவி தேடுபவர் 14446 என்ற ஒன்றிய அரசின் போதை மீட்பு எண்ணையோ, பிள்ளை என்றால் 1098-ஐயோ அழைக்கலாம். அழைப்பவர் சேர்க்கை பற்றி மட்டும் கேட்காமல், வெளியே வந்த பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. காப்பகத்திலிருந்து பதினெட்டில் வெளியேறுபவருக்கு ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் தருகிறது, பொதுவாக 21 வயது வரை. அந்தத் தொகையை, காப்பகத்தில் வளராவிட்டாலும், போதைச் சிகிச்சை முடித்து வெளியேறும் ஏழை இளைஞருக்கு ஓராண்டு கொடுத்தால் ஒருவருக்கு 48,000 ரூபாய் ஆகும். 2023-24-இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஏறத்தாழ 95,000 இளைஞர்களுக்கு அந்த ஓராண்டைக் கொடுக்க முடியும்.